வெள்ளையாகும் ஹாம்ஸ்டர் தேடி ஜெர்மனியில் நான்கு வாசல் ஏறி இறங்கினோம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் இருந்துகொண்டு ஜங்கேரியன் குட்டை ஹாம்ஸ்டர் (குளிர்காலத்தில் வெள்ளையாகும், எலி போன்ற சின்னச் செல்லப்பிராணி) தேடுகிறீர்கள் என்றால் செல்லப்பிராணிக் கடைக்குப் போகாதீர்கள், உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் ஹாம்ஸ்டர் மீட்புக் குழுவுக்கு எழுதுங்கள். என் மதிப்பெண்: கடைக்கு ஐந்துக்கு ஒன்று, இணைய வரி விளம்பரத்துக்குப் பூஜ்யம், மீட்புக் குழுவுக்கு நாலரை. அந்த அரை எங்கே போனது என்பதும் கீழே இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் உட்காருங்கள்.

டோர்ட்மண்டுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் சிங்கப்பூரில் இருந்தோம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாடகைக்கு. அங்கே வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி வந்ததே 2024 செப்டம்பரில்தான், எங்கள் காலத்தில் கிடையாது. அதனால் மகள் பூனை கேட்டு அழுதபோது ஹாம்ஸ்டரில் சமாதானம் ஆனோம். 'வின்டர் ஒயிட்' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஜங்கேரியனுக்கு அது இன்னொரு பெயர். சாம்பல் நிறம், முதுகு நடுவில் மை தீட்டியது போல ஒரு கோடு, மூடிய கைக்குள் அடங்கிவிடும். மிளகு என்று பெயர் வைத்தோம். ஊரிலிருந்து வீடியோவில் பார்த்த அம்மா "எலியையாடி காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டதோடு சரி, அடுத்த வாரத்திலிருந்து "மிளகு சாப்பிட்டுச்சா" என்றுதான் போனை ஆரம்பிப்பார்.

மகளுக்கு ஒரே ஒரு குறை. பெயரிலேயே குளிர்காலத்து வெள்ளை இருக்கிறது, இது ஏன் வெள்ளையாகவே ஆகவில்லை? ஒவ்வொரு டிசம்பரும் கேட்பாள். குளிர் இல்லாததால் என்று நானும் அளந்துவிட்டேன், ஏசியைக் கூட்டி வைத்தால் ஆகுமா என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, விஷயம் குளிரில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. பகல் ஏறக்குறைய 13 மணி நேரத்துக்குக் கீழே இறங்கி, அப்படியே சில வாரம் நீடித்தால்தான் இந்த ஹாம்ஸ்டரின் உடம்பு குளிர்காலம் வருகிறது என்று புரிந்துகொண்டு சாம்பல் முடியை உதிர்த்து வெள்ளை முடியை வளர்க்கும். ஜெர்மன் ஆய்வாளர்கள் 1973இலேயே இதன் ஆண்டுச் சுழற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரம், நீளவும் இல்லை குறையவும் இல்லை, அதுவும் ராத்திரி பதினொரு மணி வரை எரியும் ஹால் டியூப்லைட்டால் 13 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பாவம், அது எதை வைத்துக் காலத்தைக் கணக்குப் போடும்? மிளகு இரண்டு வயதில், சாம்பலாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டு வயது என்பது அதற்கு நிறைந்த ஆயுள்தான்.

டோர்ட்மண்டில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட முழுதாக இருக்காது. விமானத்தில் வரும்போதே மகள் முடிவு செய்துவிட்டாள், இங்கே ஒன்று வாங்கி வெள்ளையாவதைப் பார்க்க வேண்டும் என்று. ஆக எங்களுக்கு ஏதோ ஒரு ஹாம்ஸ்டர் போதாது, ஜங்கேரியன்தான் வேண்டும். பெரிய சிரியன் ஹாம்ஸ்டரோ விரல் நீள ரோபோரோவ்ஸ்கியோ இப்படிப் பனிக்காலச் சட்டை மாற்றாது.

இங்கேதான் சிக்கல். ஜங்கேரியனுக்குக் கேம்பெல் என்று ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. ஜங்கேரியன் மேற்கு சைபீரியா, கசகஸ்தான் புல்வெளிக்காரன், 1773இல் பல்லாஸ் என்பவர் விவரித்தது. கேம்பெல் மங்கோலியப் பக்கம், அதற்குப் பெயர் கிடைத்தது 1905இல். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருப்பதால் வளர்ப்பவர்கள் தெரிந்தும் தெரியாமலும் இரண்டையும் கலந்துவிட்டார்கள். அது வெறும் ஜாதகப் பொருத்தப் பிரச்சினை இல்லை. ஜங்கேரியன் தாயும் கேம்பெல் தகப்பனும் சேர்ந்தால் கரு அளவுக்கு மீறி வளர்ந்து தாயின் உயிருக்கே ஆபத்து, மாற்றிச் சேர்த்தால் குட்டிகள் பிழைக்கும், ஆனால் ஆண்கள் வளர்ந்தும் சிறுத்தே இருக்கும். கேம்பெல் வழியில் சர்க்கரை நோயும் வரும். கலப்பினம் குளிர்காலத்தில் முழுசாக வெள்ளையாகும் என்றும் சொல்ல முடியாது. கடைகளில் 'ஜங்கேரியன்' என்று விற்பதில் நிறைய இந்தக் கலப்புதான் என்று இங்கே ஹாம்ஸ்டர் வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குக் கடைக்குப் போய் வந்த பிறகு தெரிந்தது.

சரி, கடை. பெயர் வேண்டாம், ஊருக்கு வெளியே பெரிய கார் நிறுத்தத்தோடு இருக்கும் ரகம், மீன் தொட்டி வரிசை முடிந்ததும் கொறிக்கும் பிராணிகள் வரிசை. 'ட்சுங்காரிஷர் ட்ஸ்வேர்க்ஹாம்ஸ்டர்' என்று அட்டை. வாங்குவதைவிடச் சொல்வதுதான் கஷ்டம், கணவர் இரண்டு முறை முயன்றுவிட்டு விரலால் காட்டினார். கண்ணாடிக்குள் எட்டு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்குக் கண் சிவப்பு. இன்னொன்று கிட்டத்தட்டக் கறுப்பு. அன்றைக்கு அழகாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்தேன். சுத்த ஜங்கேரியனில் சாம்பல், நீலச்சாம்பல், முத்து வெள்ளை என்று சில நிறங்கள்தான், கண் எப்போதும் கறுப்பு. சிவப்புக் கண்ணும் கறுப்பு உடம்பும் கேம்பெல் பக்கத்துச் சொத்து. அட்டையை மறுக்கும் சாட்சி கண்ணாடிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது, நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

விற்பனை செய்த இளைஞர் மரியாதையானவர், அதில் குறை இல்லை. ஆனால் சொன்னதெல்லாம் தப்பு. "ஒன்று மட்டும் இருந்தால் ஏங்கிப் போகும், இரண்டு அக்கா தங்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஹாம்ஸ்டர் தனிக்காட்டு ராஜா, குட்டிப் பருவத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, வளர்ந்ததும் ரத்தம் வரக் கடித்துக்கொள்ளும். ஆணா பெண்ணா என்று கேட்டேன், ஒன்றைத் தூக்கி ஒரு வினாடி திருப்பிப் பார்த்து "பெண்" என்றார். நான் அரிசியில் கல் பார்ப்பதற்கே இதைவிட அதிக நேரம் எடுப்பேன். கூடவே தொடக்கப் பெட்டி என்று ஒரு கம்பிக் கூண்டு, 60க்கு 40 சென்டிமீட்டர், ஊதா நிறப் பிளாஸ்டிக் சக்கரம், பஞ்சு மெத்தை. விலங்கு நலத்துக்கான இந்த நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் ஹாம்ஸ்டருக்குச் சொல்லும் குறைந்தபட்ச இடம் 100க்கு 50, உயரம் 50. அதே கடையில், அதே அலமாரிக்கு மேலே, நல்ல புத்தகம் ஒன்று விற்பனைக்கு இருந்தது, அதில் இது எழுதியும் இருந்தது. யாரும் படிப்பதில்லை போல. ஹாம்ஸ்டர் 17 யூரோ, கூண்டு 50 யூரோ. மகள் முகம் வாடினாலும் பரவாயில்லை என்று வெறும் கையோடு திரும்பினோம். அதற்குக் காரணம் அறிவு இல்லை, கணவர் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்!

அந்த ஒன்று எதற்குக் கொடுத்தேன் என்றால், பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது என்பதைக் கறாராகச் சொன்னார்கள். அது இங்கே சட்டம். சட்டத்தை மதித்ததற்கு ஒரு மதிப்பெண்.

இணைய விளம்பரம் பற்றி இரண்டு வரி போதும். 'சுத்த இனம், பத்து யூரோ, இன்றே' என்று ஓர் ஆள். அப்பா அம்மா படம் கேட்டேன், கூகிளில் தேடினால் முதலில் வரும் படத்தை அனுப்பினார். முடிந்தது.

அடுத்தது சொந்தமாக வளர்த்துத் தலைமுறைக் கணக்கு வைத்திருப்பவர்கள். சிலரே இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஒரு பெண்மணிக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு கேள்விப் பட்டியல் வந்தது பாருங்கள், எங்கள் விசாவுக்குக்கூட இவ்வளவு கேட்கவில்லை. கூண்டின் உள்ளளவு, மண் ஆழம், சக்கரத்தின் விட்டம், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், கொறிக்கும் பிராணிகள் தெரிந்த மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், வீட்டில் பூனை உண்டா, குழந்தைக்கு வயது என்ன. எல்லாம் நியாயமான கேள்விதான். கூகிள் மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டேன், வசந்தத்துக்கு முன் குட்டி போடும் திட்டம் இல்லை என்று பதில். அப்போது ஆகஸ்ட். வெள்ளையாவதைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் குளிர்காலம் போச்சு. இவருக்கு மதிப்பெண் போட எனக்குத் தகுதி இல்லை, வரிசையில் நிற்பவள் கடையை விமர்சிக்க முடியாது.

அந்தப் பதிலின் கடைசியில்தான் மீட்புக் குழுக்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். இங்கே நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போல ஹாம்ஸ்டருக்கும் தனியாகக் குழுக்கள் உண்டு, தன்னார்வலர்கள் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்துப் பொருத்தமான வீட்டுக்குக் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த வளர்ப்பு வீடு ஹாம் நகரத்துக்குப் போகும் வழியில். அந்த ஊரின் காமாட்சி அம்பாள் கோயில் இந்த நாட்டுத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஈழத்துக்காரர்கள் கட்டியது, 2002இல் குடமுழுக்கு. ஹாம்ஸ்டர் ஹாமில் கிடைப்பதால்தான் அந்தப் பெயரா என்று மகள் கேட்டாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒன்பது நாள். ஜெர்மன் தவிர வேறு மொழி கிடையாது. சந்திக்கக் கிடைத்த நேரம் சனிக்கிழமை மாலை மட்டும். அந்த அரை மதிப்பெண் இதற்குத்தான். சம்பளம் வாங்காமல் செய்கிறவர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மற்றபடி அந்த வளர்ப்பு வீட்டு அம்மாவைப் போல ஒரு சேவையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், வீட்டின் பின்னறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு, மகளிடம் மட்டும்தான் பேசினார். "அது உன் கையில் வந்து உட்காராமல் போகலாம், வருடம் முழுக்க. அப்போதும் உனக்குப் பிடிக்குமா?" மகள் யோசித்துத்தான் தலையாட்டினாள். யோசித்தது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் காட்டிய குட்டிக்கு அப்போது நாலு மாதம். ஒரு குடும்பம் கடையில் 'இரண்டு சகோதரிகள்' வாங்கியிருக்கிறது. அதில் ஒரு சகோதரிக்கு மீசை முளைக்காத குறைதான். மூன்று வாரத்துக்குள் குட்டி போட்டுவிட்டது, கர்ப்பக் காலமே பதினெட்டிலிருந்து இருபத்தொரு நாள்தானே, அது தெரிவதற்குள் அடுத்த ஈடும் வயிற்றில். மொத்தம் பதினொன்று. நான் கணவரைப் பார்த்தேன், கணவர் பர்ஸ் இருந்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். இது ஜங்கேரியனா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார். "தாய் தகப்பன் கடையிலிருந்து வந்தது, அதனால் கலப்பு என்றுதான் நான் எழுதுவேன். கூடப் பிறந்ததில் ஒன்றுக்குச் சிவப்புக் கண். இதற்குக் கண் கறுப்பு, கோடு நேராக இருக்கிறது, ஆனால் பார்வைக்கு இருப்பதை வைத்து நான் சத்தியம் பண்ண மாட்டேன். வெள்ளையாகலாம், ஆகாமலும் போகலாம். சுத்த இனத்திலேயே சில ஆவதில்லை. அதற்காகத்தான் வேண்டும் என்றால் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்." இரண்டு மாதமாக எல்லாரும் சுத்தம், சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர். மகளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பரவாயில்லம்மா, கோடு நல்லாருக்கு" என்றாள்.

உடனே கொடுத்துவிடவில்லை. கூண்டுப் படம் அனுப்பச் சொன்னார். இங்கே பொம்மை அடுக்கும் கண்ணாடி அலமாரி ஒன்று ஐக்கியாவில் விற்றார்கள், டெட்டோல்ஃப் என்று பெயர், அதை மல்லாக்கப் படுக்கவைத்து, கதவைக் கழற்றிவிட்டு, மேலே கம்பிவலை மூடி செய்தால் ஹாம்ஸ்டருக்கு அரண்மனை. பழையது ஒன்றை 40 யூரோவுக்கு வாங்கினோம். 163க்கு 43. மரச் சீவல் ஒரே சீராக 25 சென்டிமீட்டர் நிரப்பி, சக்கரத்தை வைத்து, படம் எடுத்துப் பெருமையாக அனுப்பினேன். திரும்பி வந்தது: அகலம் 50 இல்லை, ஆனால் பரப்பளவு தாராளம், ஏற்றுக்கொள்கிறேன், சக்கரம் வலையில் உரசுகிறதே, அது எப்படிச் சுற்றும்? பெரிதாக்கிப் பார்த்தேன், ஆமாம். 20 சென்டிமீட்டர் சக்கரத்தைப் பாதி உயரத்துக்கு மேல் நிரப்பிய பெட்டிக்குள் திணித்திருக்கிறேன், ஒரு சுற்று சுற்றினால் மூடி கழன்றுவிடும். ஒரு பக்கம் ஆழமாகக் குவித்து வளை தோண்ட விடுங்கள், மறுபக்கம் தாழ்வாக வைத்துச் சக்கரமும் மணல் தட்டும் வையுங்கள் என்று சொல்லிக் கையால் ஒரு படம் வரைந்து அனுப்பினார். அந்தப் படம் இன்னும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது.

இரண்டாவது படம் தேறியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து, 15 யூரோ, என்ன காரணத்தாலோ வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அவரிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. கூடவே அது படுத்த பழைய சீவல் ஒரு பொட்டலம், வாசனை மாறாமல் இருக்க. சர்க்கரை நோய் வாய்ப்பு இருப்பதால் பழம், கேரட், தேன் தடவிய தின்பண்டம் எதுவும் வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார். கடைக்காரர் தேன் குச்சியை இலவசமாகக் கொடுக்க வந்தது ஞாபகம் வந்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல்: இந்த மாதிரிச் சின்னப் பிராணிகளுக்கு இங்கே வீட்டு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் சொன்னபோது சக ஊழியர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெர்மனில் 'ஹாம்ஸ்டர்ன்' என்றால் பதுக்குவது, 2020இல் கழிவறைக் காகிதம் அள்ளிக்கொண்டு போனார்களே, அதற்குப் பெயரே ஹாம்ஸ்டர் கொள்முதல். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனான ஐரோப்பியக் காட்டு ஹாம்ஸ்டர், வயல்களில் இருந்தது, 2020இல்தான் அழிவின் விளிம்பில் இருக்கும் பட்டியலில் சேர்ந்தது. காகிதம் கிடைத்துவிட்டது, ஹாம்ஸ்டர் கிடைக்கவில்லை.

வளர்ப்பு வீட்டில் வைத்திருந்த பெயர் க்ரூமல். ரொட்டி பிய்க்கும்போது உதிரும் துகள். மகள் அதைப் பொடி என்று மொழிபெயர்த்துவிட்டாள். பொடிக்குக் கணவர் வேலை செய்யும் அறையில் இடம், ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத மூலை. அக்டோபர் முதல் பொழுது சாய்ந்ததும் அந்த அறையில் விளக்கு போடக் கூடாது என்று மகள் உத்தரவு. ஐந்து மணிக்கு அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்துவிடுவார், மேலாளரோடு பேசும்போது பின்னால் குக்கர் விசில்.

நவம்பர் கடைசியில் காதுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைப் பொட்டு. டிசம்பர் நடுவில் விலாவில் உப்பு தூவியது போல. பொங்கல் அன்றைக்குப் பார்த்தபோது முகமும் வயிறும் பக்கங்களும் வெளுத்து, முதுகில் மட்டும் அகலமாகச் சாம்பல் பட்டை, கோடு அப்படியே. அதற்கு மேல் போகவில்லை. முக்கால் வெள்ளை. வீடியோவில் பார்த்த அம்மா, "நரைக்குது, வயசாயிடுச்சா?" என்றார். வளர்ப்பு வீட்டு அம்மாவுக்குப் படம் அனுப்பினேன், "கலப்புதான்" என்று ஒற்றைச் சொல்லும் ஒரு சிரிப்பும் வந்தது.

பிப்ரவரியில் இன்னொரு மின்னஞ்சல். காத்திருப்போர் பட்டியலில் உங்கள் முறை வந்துவிட்டது, ஏப்ரலில் குட்டிகள், ஏழு தலைமுறைக் கணக்கு இருக்கிறது, வேண்டுமா? ஹாம்ஸ்டரைச் சேர்த்து வைக்க முடியாது, அதற்குத் தனி அலமாரி வேண்டும், அறையில் இடமே இல்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் அளவுநாடாவை வைத்துக்கொண்டு ஹால் சுவரை அளந்துகொண்டிருக்கிறார், மகள் மறுமுனையைப் பிடித்திருக்கிறாள்.